விளம்பரம் என்று தெரியாத விளம்பரம்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலிக்குப் பின், எங்கள் உறவில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். குழந்தையின் தாய் எனக்கு மகள் முறையாகவேண்டியவள். பட்டம் பெற்றவள், பள்ளியில் கணிதம் கற்பிப்பவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் எழுந்து சென்று, அலமாரியிலிருந்த பால்மாவு டப்பாவைத் திறந்து, அளவுக் கரண்டியால் மட்டமாக வழித்தெடுத்து, ஆறிய வெந்நீரில் கலக்கினாள்.

"ஏனம்மா, பால் போதவில்லையா?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்தில் இருந்தது சித்தப்பா. போகப்போக வற்றிவிட்டது."

"இத்தனை மாவு கடையில் இருக்கும்போது இந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தாய்? விளம்பரம் பார்த்தா?"

அவளுக்குச் சற்று வருத்தம்தான். "விளம்பரம் பார்த்து நான் எதையும் வாங்குகிறவள் இல்லை சித்தப்பா. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே ஒரு சின்ன டப்பாவை அவர்களே தந்தார்கள். அதற்குக் காசுகூட வாங்கவில்லை."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்களே காதில் ஒலித்துக்கொண்டிருந்தன. அவள் பொய் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் பார்த்து மயங்கி அந்த மாவை அவள் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் பெற்றுக்கொண்ட சீட்டும் சின்ன டப்பாவும் விளம்பரம் அல்ல என்றால், வேறு எதைத்தான் விளம்பரம் என்பது?

"விளம்பு" என்னும் சொல்லடியிலிருந்து வந்தது விளம்பரம். எடுத்துச் சொல்லுதல் என்பது அதன் பொருள். எங்கள் குமரி மாவட்டத்துப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பந்தியில் சோறு விளம்பு, கறி விளம்பு என்போம். இலையில் பரிமாறுதல் என்று அர்த்தம். சொல்வதும் பரிமாறுவதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, இந்தப் பால்மாவு விஷயத்தில் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

நம்மில் பெரும்பாலோர் விளம்பரம் என்று கருதுவது சொல்லப்படுவதை மட்டுமே. சுவரில் எழுதியது, பத்திரிகையில் அச்சிட்டது, திரையரங்கில் இடைவேளையில் காட்டியது, அந்நாளில் இலங்கை வானொலியில் பாட்டுக்கு நடுவே இனிய குரலில் ஒலித்தது: இவையெல்லாம் தம்மை விளம்பரம் என்று ஒப்புக்கொண்டு வருபவை. அதனால் நாமும் ஓரளவு விழிப்போடு இருக்கிறோம். "விற்கிறவன் அப்படித்தான் சொல்வான்" என்று தள்ளிவிடவும் நம்மால் முடிகிறது. பரிமாறப்படும் விளம்பரத்தின் முன்னே அந்த விழிப்பு வேலை செய்வதில்லை. அது பரிசாக வருகிறது, ஆலோசனையாக வருகிறது, வெள்ளைச் சீருடை அணிந்து வருகிறது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் மாவின் வரலாற்றைப்போல இதை விளக்கிக் காட்டும் வரலாறு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்பவர் 1867-இல் குழந்தைகளுக்கான மாவுணவு ஒன்றை விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகள் ஏராளமாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய நோக்கத்தைக் குறைகூற ஒன்றுமில்லை. மறு ஆண்டே அவர் தம் சரக்குக்கு ஓர் அடையாளமும் ஏற்படுத்திக்கொண்டார்: கூட்டில் இருக்கும் குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை. அவர் குடும்பப் பெயருக்கே கூடு என்றுதான் பொருள். தாய்மையின் படத்தைத் தாய்க்கு மாற்றான பொருளின்மீது பொறிக்கும் வழக்கம் அவ்வளவு பழமையானது.

நம் நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டால் "அமுல் பேபி மாதிரி" என்று சொல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? ஒரு டப்பாவின் மேலிருந்த படம் நம் மொழிக்குள் புகுந்து, குழந்தை அழகின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. எங்கள் வீட்டு அடுக்களையில் என் தாயார் மல்லியும் கடுகும் போட்டு வைத்திருந்தது குழந்தைப் படம் போட்ட பால்மாவு டப்பாக்களில்தான். மாவு தீர்ந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அந்தப் படம் அலமாரியில் இருந்துகொண்டு, அடுத்த தலைமுறைத் தாய்மாரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இதற்கு நிறுவனம் ஒரு காசும் செலவழிக்கவில்லை.

வெள்ளைச் சீருடை

இந்த வியாபாரத்தில் ஒளிந்திருந்த ஆபத்தை வெளிப்படையாகச் சொன்னவர்களுள் முன்னோடி சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் குழந்தைகளின் ஊட்டக்குறை நோயை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் இவரே. பின்னர் இவர் சிங்கப்பூரில் பணியாற்றியபோது, இனிப்பூட்டிய கட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதெனக் கூறி விற்பதைக் கண்டார். செவிலியரைப்போல உடுத்திய பெண்கள் ஏழைத் தாய்மாரிடம் சென்று, தாய்ப்பாலை விட்டுவிடும்படி வசப்படுத்துவதையும் கண்டார். 1939-இல் அந்நகர ரோட்டரி சங்கத்தில் உரையாற்ற அழைத்தபோது, தம் உரைக்கு அவர் இட்ட தலைப்பு "பாலும் கொலையும்". குழந்தை உணவைப்பற்றி மக்களைத் தவறான வழியில் செலுத்தும் பிரசாரத்தைக் கொலையாகவே கருதவேண்டும் என்று, வணிகப் பெருமக்கள் நிறைந்த அந்த அவையிலேயே கூறினார்.

கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ! வியாபாரம் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது மேலும் பரவிற்று. மேலை நாடுகளில் பிறப்பு குறையத் தொடங்கியதும், நிறுவனங்களின் பார்வை ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா பக்கம் திரும்பியது. "பால் செவிலியர்" என்று மக்கள் அழைத்த நிறுவனப் பெண்கள் மகப்பேற்று விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் சென்றார்கள். அவர்களுள் சிலர் முறையாகப் பயின்ற செவிலியரே. ஆனால் சம்பளம் கொடுத்தது நிறுவனம். அந்த வேறுபாடு படுக்கையில் கிடக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்?

1974-இல் இங்கிலாந்தில் ஓர் அறநிறுவனம் இதைப்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் சில இளைஞர்கள் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்று தலைப்பிட்டார்கள். நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976-இல் பெர்ன் நகர நீதிமன்றம் அத்தலைப்பு அவதூறே என்று தீர்ப்பளித்து, இளைஞர்களுக்குச் சிறு அபராதம் விதித்தது. அதே தீர்ப்பில், நிறுவனம் தன் விளம்பர முறைகளை அடிப்படையிலேயே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றும் நீதிபதி கூறிவிட்டார். வழக்கில் வென்ற நிறுவனம் உலகத்தின் முன் தலைகுனிய நேர்ந்தது.

ஏறத்தாழ அதே நேரத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்ளவேண்டும். விலைமதியா இரத்தத்தின் சகோதரிகள் என்னும் துறவற சபையினர், பால்மாவு விற்ற பிரிஸ்டல்-மையர்ஸ் நிறுவனத்தில் சில பங்குகளை வைத்திருந்தார்கள். ஏழை நாடுகளில் நிறுவனம் மாவை எவ்வாறு விற்கிறது என்று பங்குதாரர் என்ற முறையில் கேட்டார்கள். வந்த விளக்கம் உண்மையை மறைக்கிறது என்று கண்டு, 1976-இல் நீதிமன்றம் சென்றார்கள். பல நாடுகளிலிருந்து சாட்சியங்களைத் திரட்டித் தந்தார்கள். 1977-இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார். நிறுவனத்தின் விளக்கத்தால் இந்தச் சகோதரிகளுக்கு ஈடுசெய்ய முடியாத தீங்கு எதுவும் நேரவில்லை என்பது அவர் கண்ட காரணம்! தீங்கு நேர்ந்தது யாருக்கென்பது சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லை. சகோதரிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றார்கள். 1978-இல் நிறுவனம் சமாதானத்துக்கு வந்தது. சகோதரிகளின் சான்றுகளையும் தன் மறுமொழியையும் சேர்த்துப் பங்குதாரர் அனைவருக்கும் அனுப்பவும், தாய்மாரிடம் நேரே சென்று பேசும் சீருடைப் பெண்களை நிறுத்தவும் இசைந்தது. சொந்தப் பிள்ளை இல்லாத கன்னியர், முகமறியாத பிள்ளைகளுக்காக நடத்திய வழக்கு அது.

1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. கோவில்களும் அதில் சேர்ந்தன. 1978-இல் செனட்டர் எட்வர்ட் கென்னடி நடத்திய விசாரணையில், இது உலகளாவிய ஒரு திருச்சபை அமைப்பு தடையில்லா வாணிபத்தின்மீது தொடுக்கும் தாக்குதல் என்று நிறுவனத்தின் பிரதிநிதி முறையிட்டார். தூய நீர் இல்லாத இடத்தில் இந்த மாவை விற்கலாமா என்ற கேள்விக்கு, நீர் வசதிக்குத் தாங்கள் பொறுப்பாளிகள் அல்ல என்பதாகவே பதில் கிடைத்தது.

முடிவில் 1981 மே 21-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான உலக நெறித்தொகுப்பை ஏற்றது. ஆதரித்தவை 118 நாடுகள். நடுநிலை வகித்தவை 3. எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு நாடு, அமெரிக்கா.

காசு வாங்காத டப்பா

இலவச டப்பாவில் அப்படி என்ன தீங்கு என்று கேட்கலாம். சோப்புக்கு மாதிரி தருகிறார்கள், தேயிலைத் தூளுக்கும் தருகிறார்கள். பிடித்தால் வாங்குகிறோம், பிடிக்காவிட்டால் பழைய சோப்புக்கே திரும்புகிறோம். பால்மாவில் அந்தத் திரும்பும் வழிதான் அடைபடுகிறது.

இறைக்க இறைக்க ஊறும் கிணறு என்பார்களே, தாயின் மார்பு அத்தகையது. குழந்தை சப்பும்போது தாயின் மூளையடியிலுள்ள சுரப்பி தூண்டப்பட்டு, புரோலாக்டின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. அதனால் பால் ஊறுகிறது. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். குடிப்பது குறைந்தால் ஊறுவதும் குறையும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் வருவது மஞ்சள் நிறச் சீம்பால். அளவில் கொஞ்சமே, ஆனால் நோய்த் தடுப்பாற்றல் மிகுந்தது. அன்றைய குழந்தையின் சிறு வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். இதை அறியாத தாய், "பாலே வரவில்லையே" என்று கலங்குகிறாள். குழந்தையோ அழுகிறது. பாட்டிமார் பதறுகிறார்கள். (சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டுவைக்கும் நம் பழைய வழக்கமும் இந்தக் கலக்கத்துக்குத் துணைபோயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாப் பழியையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட முடியாது.)

சரியாக அந்த இரண்டாம் நாளில் டப்பா வருகிறது. புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் சப்பாமல் உறங்குகிறது. சப்பாததால் பால் குறைகிறது. குறைந்ததால் இன்னொரு புட்டி. சில நாளில் டப்பா காலியாகும்போது, தாயின் பாலும் ஏறக்குறைய வற்றியிருக்கிறது. இப்போது அவள் கடைக்குப் போகிறாள். போகாமல் இருக்க முடியாது. எந்த டப்பாவில் தொடங்கினாளோ அதே பெயரைத்தான் கேட்பாள். பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட மாவை மாற்ற எந்தத் தாய் துணிவாள்? மற்ற விளம்பரங்கள் ஆசையை உண்டாக்குகின்றன. இந்த இலவச டப்பாவோ தேவையையே உண்டாக்கிவிடுகிறது.

வசதியுள்ள வீட்டில் இதனால் நேர்வது பணச்செலவும் சில நோய்களும். கூலிவேலைக்காரர் வீட்டில் நடப்பது வேறு. ஒரு வாரத்து மாவை மூன்று வாரத்துக்கு நீட்ட, கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அந்தத் தண்ணீர் கொதித்ததா, புட்டியின் இரப்பர் காம்பு சுத்தமானதா என்று யார் பார்ப்பது? வயிற்றுப்போக்கும் மெலிவும் அந்தப் புட்டி வழியாகத்தான் வருகின்றன. தாய்ப்பாலூட்டல் உலகெங்கும் ஏறத்தாழ முழுமையாக நடைபெறுமானால் ஆண்டுதோறும் சுமார் 8,23,000 குழந்தைகளின் சாவைத் தடுக்கலாம் என்று 2016-இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்கிட்டது.

மாவே கூடாது என்று சொல்லவரவில்லை. தாயை இழந்த பிள்ளைக்கும், கடும் நோயுற்ற தாயின் பிள்ளைக்கும், நம் கன்னியர் இல்லங்களில் வளரும் அனாதைக் குழந்தைக்கும் அது உயிர் காக்கும் உணவு. பால் கொடுக்க இயலாமற்போன தாயை நோக்கி விரல் நீட்டுவதும் பாவம். என் கேள்வி அந்த மாவு வீட்டுக்குள் வந்த வழியைப்பற்றியது.

சட்டம் கண்ட விரிந்த பொருள்

இந்தியப் பாராளுமன்றம் 1992-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1993 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விளம்பரம் என்பது என்ன என்று அச்சட்டம் கூறுவதைப் படித்தால் வியப்பு உண்டாகிறது. அறிவிப்பு, சுற்றறிக்கை, மேலே ஒட்டும் சீட்டு, சுற்றும் உறை, எந்த ஆவணமும் விளம்பரமே. ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ வாயுவாலோ செய்யும் அறிவிப்பும் விளம்பரமே. வானத்தில் புகையால் எழுதினாலும் தப்ப முடியாது! 2003-இல் திருத்தியபோது மின்னணு வழியாக வருவதையும் சேர்த்தார்கள். இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளின் உணவு முழுவதும் அதற்குள் அடங்கிற்று.

சட்டம் அத்தோடு நிற்கவில்லை. இலவச மாதிரி கூடாது, பரிசு கூடாது, தாய்மாரை அணுகி ஊக்குவிக்கக் கூடாது. டப்பாவின்மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கலாகாது. மருத்துவமனைச் சுவரில் இதன் படம் தொங்கக் கூடாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் அன்பளிப்போ, மாநாட்டுக்கு நன்கொடையோ தரக் கூடாது. விற்ற அளவை வைத்து ஊழியருக்குத் தரகு கொடுக்கவும் கூடாது. விளம்பரம் செய்தாலோ மாதிரி வழங்கினாலோ மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு அனுமதி பெற்ற தொண்டு நிறுவனங்களே வழக்குத் தொடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்த டப்பாவை முன்கூட்டியே கண்டிருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் அது வந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 100 பிரசவங்களில் 88-க்கு மேல் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகளோ 100-க்கு 42 பேரே. மருத்துவரும் செவிலியரும் சூழ்ந்திருக்கும் அறையில்தான் முதல் மணி நேரம் வீணாகிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் (இந்தியா அவற்றில் இல்லை) 8,500 பெற்றோரையும் கருவுற்ற பெண்களையும் விசாரித்தன. பாதிப்பேருக்கு மேல், பால்மாவு விளம்பரங்கள் தங்களை எட்டியதாகக் கூறினர். பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், மருத்துவப் பணியாளர் ஒருவரே குறிப்பிட்ட நிறுவனத்தின் மாவைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்ததாகத் தெரிவித்தனர். ஆண்டுக்கு 5,500 கோடி டாலர் புரளும் தொழில் அது. தாய்ப்பாலால் யாருக்கும் இலாபமில்லை. ஆகவே அதற்காகச் செலவழிக்க எந்த நிறுவனமும் இல்லை.

இப்போது இந்த மாவு கைப்பேசி வழியாகவும் வருகிறது. கருவுற்ற பெண்ணுக்கு வாரந்தோறும் அறிவுரை அனுப்பும் செயலிகளையும், தாய்மார் குழுக்களையும் நிறுவனங்கள் பின்னின்று இயக்குவதை அதே அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. நள்ளிரவில் பிள்ளை அழும்போது கைப்பேசியில் ஆறுதல் சொல்பவர் யார் என்று தாய் ஆராய்வதில்லை. சட்டத்தின் எல்லை இரண்டு வயது என்பதால், அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான மாவைத் தாராளமாக விளம்பரம் செய்யலாம். பெயரும் நிறமும் ஒத்திருந்தால் போதும். பெரிய பிள்ளையின் டப்பா சின்னப் பிள்ளையின் டப்பாவையும் சேர்த்தே விற்றுவிடும்.

நம் வழக்கங்களும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் கோவிலின் முன் வரிசையில் உட்காரலாம். மார்பில் பாலூட்ட வேண்டுமென்றால் மண்டபத்துக்குப் பின்னே ஒதுங்கவேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரிடம் சொன்னார். மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே செய்யத் தகுந்தது நம் பங்குக் கோவிலில் தகாததாகிவிடுமா?

சித்தப்பாவுக்கு இவ்வளவு தெரிந்திருந்தும் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அன்று விருந்தின் நடுவே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ஓய்வுபெற்ற கிராமச் சுகாதாரச் செவிலி ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். குழந்தையை அடிக்கடி மார்பில் போட்டுச் சப்பவிட்டால் வற்றிய பாலும் திரும்ப ஊறும் என்று அவர் சொன்னபோது, அவளைவிட அவள் தாயாரான என் மைனிதான் நம்ப மறுத்தார். "மார்பில் போட்டால் அழுகிறானே தம்பி, பிள்ளை மெலிந்து போய்விடாதா?" என்று என்னிடம் முறையிட்டார். மாவை ஒரேயடியாக நிறுத்தவேண்டாம், படிப்படியாகக் குறைக்கலாம், புட்டிக்குப் பதில் பாலாடையில் கொடுங்கள், எடையைப் பார்த்துக்கொண்டே செல்வோம் என்றார் செவிலி. பாலாடை என்றதும், திண்ணையில் இருந்த ஆச்சி எழுந்துபோய்த் தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்துவிட்டார்.

எளிதாக நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் பத்து நாள் இரவும் பகலும் அழுகை. இடையில் ஒருமுறை, போதும் என்று விட்டுவிடவும் துணிந்தாள். ஐந்தாவது வாரம் நான் போனபோது, மாவு ஒரு வேளைக்கு மட்டும் என்றாகியிருந்தது. அதற்கு அடுத்த மாதம் அதுவும் நின்றது. டப்பா எங்கே என்று கேட்டேன். ஆச்சி அதைக் கழுவிக் காயவைத்து மல்லி போட்டு வைத்திருக்கிறாராம்.

மருத்துவமனைச் சீட்டை மட்டும் அவள் கிழித்தெறியவில்லை; பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, எழுதிக் கொடுத்தவர்களிடமே அதைக் காட்டிக் கேட்கப்போவதாகச் சொன்னாள்.